முத்திரை விழுந்த வரைவு

6 செப்டம்பர் 2004, திங்கள்

எல்க் மான் வேட்டை தொடங்கிவிட்டது. நகராட்சிக் கட்டடத்தில் என்னையும் பதிவறை சீவையும் தவிர யாரும் இல்லை. தலைவர் பெர்ட்டில் காட்டில். ஊர் ராணுவ முகாமின் கர்னல் ஃபால்க் காட்டில். இந்த வாரம் எதிரி எவனாவது படையெடுத்து வந்தால் ஹெட்ஃபோர்ஸ் நகரத்தை ஒரு பொருளாதார ஆய்வாளனும் ஒரு பதிவாளரும் சேர்ந்துதான் காப்பாற்ற வேண்டும்.

பெர்ட்டில் துப்பாக்கியைக் காரில் ஏற்றிக்கொண்டே எனக்கு வேலை வைத்துவிட்டுப் போனார். பாதுகாப்புச் செலவைக் குறைக்கிறார்கள். எந்தெந்த ஊர் முகாமை மூடுவது என்று பாராளுமன்றம் டிசம்பரில் முடிவு செய்யும். அதற்குள் ஒவ்வொரு ஊரும் அமைச்சகத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும். "முகாம் போனா நம்ம ஊரு என்னாகும்னு எழுது ரூனே. படிக்கிறவன் அழணும்."

அழ வைப்பதற்காக நான் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் படிக்கவில்லை.

10 செப்டம்பர், வெள்ளி

அக்கா மாய்லிஸின் சலவையகத்திலிருந்து பொட்டலம். வெள்ளிக்கிழமை பழைய அழுக்கைக் கொடுத்துவிட்டுப் புதுப் பொட்டலத்தை வாங்கிவருவது இருபது வருட வழக்கம். பழுப்புத் தாளின் மேல் சீட்டில் பெயருக்குப் பதில் வழக்கம்போல் "அழுக்குப் பையன்". எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

நீலச் சட்டையில் பொத்தான் இல்லை என்றேன்.

"பொத்தான் தைக்கிறது லாண்டரி வேலை இல்லடா. வேணும்னா கல்யாணம் பண்ணிக்கோ."

"பண்ணினேனே."

"ஆமாமா, அந்த அழகைத்தான் பார்த்தோமே!"

இயந்திரச் சத்தத்தையும் மீறிப் பெண்கள் சிரித்தார்கள். பதினான்கு பேர். அவர்கள் கைகளில் ஓடுவதில் பாதிக்கு மேல் முகாமின் படுக்கை விரிப்பும் சீருடையும். மீதி மருத்துவமனைத் துணி. என்னைப் போல ஒன்றிரண்டு தனி ஆட்களும் உண்டு.

அக்கா வாசல் வரை வந்தாள். "டேய், முகாம் போயிடுமா?"

"பதில் நான்தான் எழுதுறேன்."

"அப்பச் சரி," என்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். என் அந்த மூன்று சொல்லை நம்பித்தான் போனாள்.

20 செப்டம்பர், திங்கள்

முடித்துவிட்டேன். முகாம் போனால் நானூற்று முப்பது பேருக்கு வேலை போகும். மூன்று ஆண்டில் ஊர் தேறிவிடும்.

இதில் ஒரு கணிப்பை எல்லாரும் பிடித்து ஆட்டுவார்கள், தெரியும். முந்நூறு அதிகாரிக் குடும்பங்கள். அந்த மனைவிகளில் பாதிப் பேர் மருத்துவமனையிலும் பள்ளிகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போக மாட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நம் நாட்டில் சொந்த வேலையில் இருக்கும் பெண், கணவனின் உத்தியோகம் போகும் திசையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அவன் வார இறுதியில் ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போவான். இதற்கு ஆய்வு நூல்களிலும் ஆதாரம் உண்டு. நூல்கள் இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். 1982இல் ஸ்டாக்ஹோமில் எனக்கு அமைச்சக வேலை கிடைத்தபோது, என் சமையலறையிலேயே பார்த்தேன். என் மனைவி உல்லா செவிலியர் வேலையை விட மறுத்தாள். நான் ஸ்டாக்ஹோமை விட்டேன். பிறகு அவள் என்னை விட்டாள். இப்போது மேஜர் விகாண்டரின் மனைவி.

24 செப்டம்பர், வெள்ளி

கூட்டம். பெர்ட்டில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நானூத்து முப்பதா? இதை அனுப்பினா நாளைக்கே வந்து முகாம் வாசல்ல பூட்டுப் போட்டுட்டுப் போவாங்க," என்றார்.

ஃபால்க் எல்லாருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். "திரு. பொருளாதார மேதை அவர்களே, நீங்க படைக்கு வந்திருந்தா ஒழுங்கா எண்ணவாவது கத்துக் கொடுத்திருப்போம்." குடுவையை மேசையில் வைத்துவிட்டு, "அட, மறந்துட்டேன். உங்களைத்தான் எடுக்கலையே."

இந்த நாட்டில் ராஜாவைத் தவிர எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். ஒருவனைத் 'திரு' என்று அழைத்தால் அது மரியாதையில்லை, முகத்தில் கதவைச் சாத்துவது. பதினெட்டு வயதில் கண் பரிசோதனையில் என்னைக் கழித்துவிட்டார்கள். அன்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் ஃபால்க். முப்பத்து நான்கு வருடமாக அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆயிரத்து நூறுன்னு போடு. இந்த வரைவைக் கிழிச்சுப் போட்டுடு," என்றார் பெர்ட்டில்.

27 செப்டம்பர், திங்கள்

கிழிக்கவில்லை.

28 செப்டம்பர், செவ்வாய்

இன்று செய்ததை உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

வரைவு என் மேசையில் இருக்கும் வரை என் தாள். எவனுக்கும் காட்ட வேண்டியதில்லை. பதிவறையில் முத்திரை விழுந்துவிட்டால் நாட்டின் தாள். யார் வந்து கேட்டாலும் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். 'நீ யார், எதற்கு' என்று கேட்கக்கூடச் சட்டம் விடாது. இதை அறியாதவன் இந்த நாட்டு அலுவலகங்களில் ஒருவனும் இல்லை.

ஒன்பதரைக்கு எல்லாரும் காப்பிக்குப் போனார்கள். சீவ் காப்பி குடிப்பதில்லை, மேசையிலேயே இருப்பாள். வரைவை அவள் முன் வைத்தேன்.

"இது வரைவுதானே ரூனே?"

"இல்லை. முடிஞ்ச தாள். பதிவு பண்ணு."

என்னை ஒரு முறை பார்த்தாள். முத்திரையைக் குத்தினாள். வரிசை எண் 618.

மேல்மாடியில் பெர்ட்டிலின் ஆயிரத்து நூறு. கீழே என் நானூற்று முப்பது. உண்மை எங்காவது ஓரிடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். யாரும் தேடி வந்து கேட்கப்போவதில்லை.

கேட்பார்கள் என்று தெரியாமலா செய்தாய்?

14 அக்டோபர், வியாழன்

உணவறையில் பட்டாணி சூப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சீவ் எதிரில் வந்து அமர்ந்தாள். "ஓஸ்வீக் நகராட்சியிலேர்ந்து ஃபேக்ஸ். நம்ம முகாம் சம்பந்தமா பதிவுல இருக்கற எல்லாத் தாளுக்கும் பிரதி வேணுமாம்."

ஓஸ்வீக். தெற்கே கடற்கரையில். அவர்களுடையது, எங்களுடையது — இரண்டு முகாமில் ஒன்றுதான் மிஞ்சும்.

"கொடுத்தியா?"

"கொடுக்காம இருக்க முடியுமா?"

முடியாது. பெர்ட்டிலிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். இன்றே ஒரு மறுப்பு எழுதி, அதையும் பதிந்து, பின்னாலேயே அனுப்பியிருக்கலாம். நேரம் இருந்தது. சூப்புக்குப் பிறகு அப்பம் தந்தார்கள். அதையும் ஜாமோடு சாப்பிட்டேன்.

1 நவம்பர், திங்கள்

ஓஸ்வீக் நாளிதழ், முதல் பக்கம்: "முகாம் போனாலும் மூன்று ஆண்டில் தேறிவிடுவோம் — ஹெட்ஃபோர்ஸின் சொந்த அறிக்கை." முத்திரையோடு படம்.

சீவையும் கூட்டிக்கொண்டு காப்பி அறைக்கே வந்து பெர்ட்டில் கத்தினார். முதலில் என்னிடம்: "உன் மேசையிலேர்ந்து அது எப்படிய்யா வெளியே போச்சு?"

"தெரியலை. மத்த தாளோட கலந்து போயிருக்கும்."

என் வாயிலிருந்துதான் வந்தது. நல்ல, நிதானமான குரல்.

அவர் சீவ் பக்கம் திரும்பினார். "இருபத்தேழு வருஷமா பதிவறையில உட்கார்ந்திருக்கே. வரைவுக்கும் கடிதத்துக்கும் வித்தியாசம் தெரியாது உனக்கு?"

சீவ் என்னைப் பார்க்கவில்லை. "முத்திரை நான்தான் போட்டேன்," என்றாள். அது உண்மை. அதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை.

என் கையில் கோப்பை இருந்தது. அதைக் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். அதற்கு எனக்கு நேரம் இருந்தது.

18 நவம்பர், வியாழன்

முகாமைக் காக்கத் தீவட்டி ஊர்வலம். மாலை நான்குக்கே இருட்டு, பனி. ஆறாயிரம் பேர் இருக்கும் ஊரில் இரண்டாயிரம் பேராவது வந்திருந்தார்கள். எனக்கும் ஒரு தீவட்டி கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டு நடந்தேன். நான்.

மாய்லிஸின் பெண்கள் ஒரு படுக்கை விரிப்பைப் பதாகையாகத் தூக்கி வந்தார்கள்: "எங்கள் கைகளை வெறுமையாக்காதீர்கள்." ஊரில் வேறு எந்தப் பதாகையும் அப்படி இஸ்திரி போட்டிருக்காது.

சீவ் வந்தாள். தனியாக. அவளைச் சுற்றி இரண்டு கை அகலத்துக்கு இடம் விட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மாய்லிஸ் எல்லாருக்கும் கேட்கும்படி, "சீவ், உனக்கெதுக்குடி தீவட்டி? நீதான் ஏற்கெனவே கொளுத்திட்டியே!" என்றாள்.

பெரிய சிரிப்பு. என் உதடும் அசைந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள்.

சீவ் கடைசி வரை நடந்தாள். அணைந்த தீவட்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

16 டிசம்பர், வியாழன்

பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ஓஸ்வீக் இருக்கும். ஹெட்ஃபோர்ஸ் போகும்.

17 டிசம்பர், வெள்ளி

பொட்டலம் வாங்கப் போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். போகாவிட்டால் அதுவே ஒரு பதில் ஆகிவிடும். போனேன்.

மாய்லிஸ் அழவில்லை. கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பதினான்கில் ஆறு பேரை அனுப்ப வேண்டும், எட்டுப் பேரோடு ஓட்டலாம். "முகாம் துணிதானே போகுது? ஆஸ்பத்திரித் துணி இருக்கேடா. உன் தாளை நானும் பேப்பர்ல படிச்சேன். பொம்பளைங்க போக மாட்டாங்க, ஆஸ்பத்திரி நிக்கும்னு எழுதியிருக்கே. அந்த சீவ் அதைப் பதிஞ்சது அக்கிரமம். ஆனா நீ எழுதினது சரியாத்தான் இருக்கும்."

"கணிப்புதான் அக்கா."

"உன் கணிப்பு என்னைக்குடா தப்பாச்சு? கல்யாணத்தைத் தவிர."

ஆறு பேரின் பெயரையும் எனக்குப் படித்துக் காட்டினாள். யாரை முதலில் அனுப்புவது என்று என்னிடம் யோசனை கேட்டாள்.

சொன்னேன். யோசனை சொன்னேன்.

11 பிப்ரவரி 2005, வெள்ளி

ரொட்டிக் கடையில் சீவ் எனக்கு முன்னால் நின்றாள். கடைக்காரி அவளைத் தாண்டி என்னிடம், "உனக்கு என்ன வேணும் ரூனே?" என்றாள்.

"ரை ரொட்டி, ஒண்ணு," என்றேன். வாங்கிக்கொண்டு வந்தேன்.

14 ஏப்ரல், வியாழன்

கடை வாசலில் உல்லா. கார் நிறையக் காலி அட்டைப் பெட்டிகள்.

"எங்கே?"

"ஓஸ்வீக். ஜூன்ல போறோம். அவருக்கு அங்கே போட்டிருக்காங்க."

"உன் வேலை?"

"அங்கேயும் ஆஸ்பத்திரி இருக்கு ரூனே." பிறகு, தெரிந்த பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போனாள். பத்தொன்பது செவிலியரில் பதினொரு பேர் கணவர்களோடு கிளம்புகிறார்கள்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "எங்கூட ஸ்டாக்ஹோம் வரமாட்டேன்னியே."

பெட்டியைக் கீழே வைத்தாள். "நீ எங்கே கேட்டே? ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, 'ஆகஸ்ட்ல போறோம்'னு அறிவிச்சே. இவர் மூணு வாரமா சமையல்கட்டுல உட்கார்ந்து, 'உனக்கு வேண்டாம்னா நான் வேலையை விட்டுடறேன்'னு சொன்னார். அதனாலதான் போறேன்."

கார் போய்விட்டது. ஒரு அட்டைப் பெட்டி காற்றில் என் கால்வரை உருண்டு வந்தது.

அன்று நானும் ஸ்டாக்ஹோமை விட்டேன், அவளுக்காக — இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த ஒரு நாள் சண்டையை எடுத்து முந்நூறு குடும்பங்கள் மேல் போட்டிருக்கிறேன். அடிக்குறிப்பில் இரண்டு ஆய்வு நூல்களின் பெயர்.

அதாவது என் நானூற்று முப்பதும் பொய். ஃபால்க் சொன்னதே சரி — எனக்கு எண்ணத் தெரியாது. இதை எழுதும்போது பேனாவை உடைக்கத் தோன்றுகிறது.

20 ஜூன், திங்கள்

மருத்துவமனையின் படுக்கைப் பிரிவை மூடுகிறார்கள். செவிலியர் இல்லை. செப்டம்பர் வரைதான்.

22 ஜூன், புதன்

மாய்லிஸ் என் வீட்டுக்கு வந்தாள். அவள் வீடு தேடி வருவது அபூர்வம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கையெல்லாம் சோப்பால் வெடித்திருந்தது.

"செப்டம்பர் கடைசியில மூடறேன்டா. எட்டுப் பேருக்கும் இன்னிக்குச் சொன்னேன்." வெடித்த விரலைத் தடவிக்கொண்டே: "எங்கேடா தப்பாச்சு?"

இதைவிட நல்ல இடம் வாய்க்காது. அவளும் நானும் மட்டும். ஜன்னல் திறந்திருந்தது. வாயைத் திறந்தேன் — "காப்பி போடட்டுமா?" என்றேன்.

குடித்தாள். போகும்போது சொன்னாள், "அந்த சீவை வேலையைவிட்டு அனுப்பறாங்களாம், அக்டோபர்ல. முன்கூட்டியே ஓய்வுன்னு பேரு. நல்லா வேணும் அவளுக்கு."

கோழை. வேறு சொல் தேட வேண்டாம்.

2 செப்டம்பர், வெள்ளி

அழுக்குப் பையைச் சலவையகத்தில் கொடுத்தேன். ஆறு சட்டை, இரண்டு விரிப்பு. நீலச் சட்டையும்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை எழுதினேன். நான்கு வாக்கியம். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்தது நான்கு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

5 செப்டம்பர், திங்கள்

மறுபடியும் எல்க் மான் வேட்டை. மறுபடியும் கட்டடத்தில் இரண்டே பேர்.

கடிதத்தை சீவ் முன் வைத்தேன். '618ஆம் எண் வரைவைப் பதியச் சொன்னது நான். சீவ் கேட்டபோது முடிந்த தாள் என்று நான்தான் சொன்னேன். தலைவர் கேட்டபோது பொய் சொன்னேன். அதிலுள்ள கணிப்பும் தவறு.' கீழே கையெழுத்து.

இரண்டு முறை படித்தாள்.

"ஒரு வருஷம் எடுத்துக்கிட்டே."

"நீ ஏன் சொல்லலை?"

"முதல் வாரம், நீயே சொல்லுவேன்னு இருந்தேன். அப்புறம் எனக்கும் ஒரு வீம்பு. இந்த ஆளு எவ்வளவு நாள் தாங்கறான், பார்த்துடலாம்னு." முத்திரையை எடுத்து, மை இருக்கிறதா என்று ஓரத்தாளில் குத்திப் பார்த்தாள். "என்னைவிட நீதான் அதிகம் மெலிஞ்சுட்டே. பார்க்கச் சகிக்கலை." தலையைத் தூக்காமல், "இது வரைவா ரூனே?"

"இல்லை."

"மேல எல்லாரும் காட்டுல இருக்காங்க. வேணும்னா எடுத்துட்டுப் போ. நான் பார்க்கவே இல்லைன்னு வெச்சுக்கறேன்."

"முடிஞ்ச தாள் சீவ். பதிவு பண்ணு."

குத்தினாள்.

9 செப்டம்பர், வெள்ளி

சலவையகத்துக்கு இன்று போகவில்லை. நேற்றே நானே போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, முந்தாநாளே, அதற்கும் முந்தைய நாளே. இன்றைக்கு என்று வைத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு சீவிடமிருந்து தொலைபேசி. "வாசல் பலகையில பதிவுப் பட்டியலைப் பார்த்துட்டு ஒருத்தர் வந்து உன் கடிதத்துக்குப் பிரதி வாங்கிட்டுப் போனாங்க. யாருன்னு நான் கேட்கக் கூடாது, உனக்கே தெரியும்."

"தெரியும்."

"சோப்பு வாசனை அடிச்சுது ரூனே."

12 செப்டம்பர், திங்கள்

பெர்ட்டில் கத்தவில்லை. எனக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை, பதவி இறக்கம். சீவின் ஓய்வுக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். "அவகிட்ட மன்னிப்புக் கேட்கணும் நான்," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "நீ என்கிட்ட வேற கேட்க வேண்டாம். ஆயிரத்து நூறுன்னு எழுதச் சொன்னவன் நான்." ஃபால்க்குக்கு ஸ்டாக்ஹோமில் நல்ல பதவி. அவனுக்கு எதுவும் ஆகவில்லை. ஆகாது.

16 செப்டம்பர், வெள்ளி

அக்கா தொலைபேசியை எடுக்கவில்லை.

ரொட்டிக் கடைக்காரி சீவுக்கு இரண்டு இலவங்கப் பன் கூடுதலாக வைத்துக் கொடுத்தாள். என்னிடம் ரொட்டியை நீட்டினாள். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

23 செப்டம்பர், வெள்ளி

எடுக்கவில்லை. என் துணிப்பை அவளிடம்தான் இருக்கிறது.

30 செப்டம்பர், வெள்ளி

சலவையகத்தின் கடைசி நாள். தெருமுனை வரை போனேன். புகைபோக்கியில் ஆவி வந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்கு நின்றது. எட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். சீவ் அங்கே நின்றிருந்தாள். மாய்லிஸ் கடைசியாகப் பூட்டிவிட்டு வந்து, அவள் முன்னால் நின்று ஏதோ சொன்னாள். கேட்கும் தூரத்தில் நான் இல்லை. சீவ் அவள் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

நான் திரும்பி வந்துவிட்டேன்.

7 அக்டோபர், வெள்ளி

காலையில் வாசற்படியில் பொட்டலம். மணி அடிக்கவில்லை. பனியில் காலடித்தடம் வந்து, திரும்பிப் போயிருந்தது.

பழுப்புத் தாள், நான்கு மூலையும் சரியான மடிப்பு. மேலே சீட்டில் அக்காவின் கையெழுத்து: "திரு. ரூனே லிண்டால்."

வெகுநேரம் பிரிக்கவில்லை. பிரித்தபோது ஆறு சட்டை, இரண்டு விரிப்பு, எல்லாம் கஞ்சி போட்டு, கத்தி போல மடித்து.

நீலச் சட்டையில் பொத்தான் தைத்திருக்கிறது. அதே நீலம் கிடைக்கவில்லை போல. வெள்ளை.